ஆண் கை படாத கொப்பி

"ஏ புள்ள சுகிர்தம், அந்தப் பேழைக்குள்ள அத்தன மாடு, ஆடு, யானையெல்லாம் நாப்பது நாளா கெடந்துச்சுன்னு சொன்னியே, அதுக போட்ட சாணியெல்லாம் அள்ளுனது யாரு?"

காளியாயி இதைக் கேட்டது ஆறாம் நம்பர் தேயிலை மலையில், பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில். கேலிக்காகக் கேட்கவில்லை. அவள் குடியிருந்த லய வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடுகள் நின்றன. இரண்டு மாட்டுக்கே விடியுமுன் இடுப்பு ஒடிகிறது. உலகத்து மாட்டையெல்லாம் ஒரே கொட்டிலில் அடைத்தால் என்ன கதி என்று அவளுக்குத் தெரியும். மற்றபடி அவள் முனியாண்டிக்குக் கோழி அறுக்கிறவள். நோவாவிடம் அவளுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது.

சுகிர்தம் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தாள். பேழையின் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, எத்தனை தட்டு, எங்கே கதவு என்று எல்லாம் இருந்தது. சாணி இல்லை.

"நோவாவோட பொஞ்சாதியும் மூணு மருமகளும் உள்ள இருந்தாங்க அத்தே," என்றாள் மெல்ல.

"அவளுக பேரென்ன?"

"பேரு எழுதலையே."

"அப்ப அவளுகதான் அள்ளியிருக்காளுக," என்று காளியாயி தேத்தண்ணிப் போத்தலை மூடிக் கூடையில் போட்டாள்.

சுகிர்தத்துக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடை எடுத்தவள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மலையில் பெண்கள் மட்டும் இருக்கும்போதுதான் வாசிப்பாள். வாசித்ததைக் கேட்டு அவர்கள் சொல்வதை வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். ஒரு கதைக்கு ஒரு பக்கம். அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், சொன்னவளுடைய பேரைத் தவறாமல் எழுதுவாள். நோவாவின் பெண்சாதிக்கு நேர்ந்தது தன் மலைப் பெண்களுக்கு நேரக் கூடாது என்று நினைத்தாள். அந்தப் பிடிவாதம்தான் பிறகு அவளை மாட்டிவிட்டது.

முதல் பக்கத்தில் சாணி. இரண்டாம் பக்கத்தில், எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத் தூணாகிப் போன லோத்தின் பெண்சாதி. மூன்றாம் பக்கத்தில், காய்ச்சல் விட்ட கையோடு எழுந்து பந்தி பரிமாறிய பேதுருவின் மாமி.

நான்காம் பக்கத்தில் தாமார். தாவீது ராசாவின் மகள். அண்ணன்முறைக்காரன் ஒருவன் நோயாளி மாதிரிப் படுத்துக்கொண்டு அவளை வரவழைத்துக் கெடுத்தான். கூடப் பிறந்தவன் வந்து, இப்போது பேசாமல் இரு என்றான். இதை வாசித்த அன்று மழை. பெண்கள் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷனை இழந்த பேச்சியம்மா மட்டும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு கஸ்பர் கங்காணி. கொழுந்து நிறுக்குற மடுவத்துல. கதவ சாத்திட்டு. பேசாம இருன்னாரு. ரெண்டு புள்ளைய வச்சிருக்கேன், பேசாமத்தான் இருக்கேன்."

சுகிர்தம் அதையும் எழுதினாள். பேச்சியம்மா என்று எழுதினாள். கஸ்பர் கங்காணி என்றும் எழுதினாள்.

நாலு நாள் கழித்து, சாயங்கால நிறுவையில், அவள் கூடையைக் கவிழ்த்தபோது கொழுந்தோடு கொப்பியும் விழுந்தது. மழைக்குப் பயந்து கூடையின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அதை எடுத்தவர் கஸ்பர் கங்காணி.

கஸ்பர் பெரிய கங்காணி மட்டுமல்ல. ராகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துச் சிறு கிறிஸ்தவக் கோயிலில் மூப்பர் சங்கத் தலைவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டுப் போடுவார், மற்ற நாட்களில் காக்கிக் கோட்டு. அதைத் தவிர இரண்டு உத்தியோகத்துக்கும் வித்தியாசம் கிடையாது. கோயிலிலும், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டைப் போலவே பேர் கூப்பிட்டு, வராதவர்களை எழுதிக்கொள்வார்.

அவர் கொப்பியைத் திறந்தார். 'நோவாவின் பேழையில் சாணி அள்ளியது யார்?' என்ற முதல் வரியை வாசித்தார். உடனே மூடினார்.

"ஞாயித்துக்கெழம விசாரண," என்றார்.

அன்று சுகிர்தம் சாப்பிடவில்லை. பேச்சியம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலாவது பக்கமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வேலைய நிறுத்திப் பத்துச்சீட்டுக் குடுத்து ஏத்தி விட்டுருவாரு புள்ள. லயத்து அறையையும் புடுங்கிருவாங்க. நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்றாள்.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து, மூப்பர் சங்கம் கூடியது. ஐந்து பேர். தலைவர் கஸ்பர். செயலாளர் உபதேசியார் இக்னேசியஸ். மற்ற மூவர், எதற்கும் "ஆமாங்க" சொல்வதற்கென்று மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். சுகிர்தம் பீடத்துக்குக் கீழே பாயில் நின்றாள். கொப்பி மேசைமேல் இருந்தது.

"வாசிங்க உபதேசியாரே," என்றார் கஸ்பர்.

இக்னேசியஸ் கண்ணாடியை மாட்டினார். கொப்பியை நோக்கிக் கை நீட்டினார். நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"தலைவர் ஐயா, ஒரு காரியம். ஸ்திரீயானவள் புருஷனுக்கு உபதேசம் பண்ணக் கூடாது என்பது அப்போஸ்தலர் வாக்கு. இது ஒரு ஸ்திரீ எழுதிய வியாக்கியானம். இதை நான் வாசித்தால், எனக்கு உபதேசித்தது யார்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவள்!" என்றார் இக்னேசியஸ். "ஒரு கொழுந்துக்காரி! நான் முப்பது வருஷ உபதேசியார்!"

கஸ்பரின் முகம் மாறியது. "நான் ஒரு வரி வாசிச்சிட்டேனே."

கூட்டம் அரை மணி நேரம் நின்றது. தலைவர் ஐயா தவறுதலாக ஒரு வரி உபதேசம் பெற்றுவிட்டார் என்றும், அது அவருக்குள் நிலைக்கவில்லை என்றும் அறிக்கையில் எழுதினார்கள். பிறகு நால்வரும் எழுந்து நின்று அவருக்காக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் கஸ்பர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இனிமேல் இப்படி ஒரு அசம்பாவிதம் நடக்கக் கூடாது என்று தாமே ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். எந்த ஆணின் கண்ணும் அந்தக் கொப்பியில் படலாகாது. எந்த ஆணின் கையும் அதைத் தொடலாகாது. ஏகமனதாக நிறைவேறியது.

சுகிர்தத்துக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான்.

"அப்ப அவளே வாசிக்கட்டும்," என்றார் ஒரு மூப்பர்.

"ஸ்திரீ சபையில் வாய் திறக்கக் கூடாதே!" என்றார் இக்னேசியஸ்.

"அப்ப வெளிய கூட்டிப் போயி வாசிக்கச் சொல்லுவமா?"

"நாம் எங்கே கூடுகிறோமோ அதுவே சபை. நாம் தேயிலைக்குள் கூடினால் தேயிலையும் சபை."

"ஏ புள்ள, நீ என்ன சொல்லுற?" என்று கஸ்பர் அதட்டினார்.

சுகிர்தம் பேசவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, திமிரு! தலைவர் கேக்குறேன், பதில் சொல்ல மாட்டேங்குறா!"

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள்.

"பாத்தீங்களா! சபையில் பேசிவிட்டாள்!" என்று இக்னேசியஸ் அதையும் எழுதிக்கொண்டார். முதல் குற்றம், பேசாதது. இரண்டாம் குற்றம், பேசியது.

அப்போது வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த மூக்கன் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. மூக்கன் கோயில் வளவைச் சுத்தம் பண்ணுகிறவன். காளியாயியின் புருஷன். ஞானஸ்நானம் பெறாதவன். இக்னேசியஸ் சன்னல் வழியாக அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அவனை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவன் சபையைச் சேர்ந்தவன் அல்ல, ஆகவே அவனுக்கு ஒரு பெண் உபதேசித்தால் அப்போஸ்தலர் கோபப்பட மாட்டார். அவன் ஆண், ஆகவே சபையில் வாய் திறக்கலாம். சுகிர்தம் அவன் காதில் சொல்ல வேண்டும், அவன் உரக்கச் சொல்ல வேண்டும்.

"புரிஞ்சுதாடா?"

"வெளங்கலைங்க. ஆனா சொல்லுறேங்க," என்றான் மூக்கன். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து காதைக் கொடுத்தான்.

சுகிர்தம் முதல் பக்கத்தை அவன் காதில் சொன்னாள். அவன் நிமிர்ந்தான்.

"நோவாவோட சம்சாரமும் மருமகளுகளுந்தான் அள்ளியிருக்கணும்ங்க. பின்ன, நோவாவா அள்ளியிருப்பாரு? அவரு மழை விட்டுருச்சான்னு சன்னலத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு."

கடைசி வரி கொப்பியில் இல்லை. மூக்கன் தானாகப் போட்டது. அவன் வீட்டிலும் மழை நாளில் அப்படித்தான்.

இக்னேசியஸ் தொண்டையைச் செருமினார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாக மகா பண்டிதர்கள் இந்த அதிகாரத்துக்கு வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். பேழைக்கு எந்த மரம் என்பதற்கே ஒரு புத்தகம் உண்டு. ஒருவராவது சாணியைப் பற்றிக் கேட்டாரா? கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தால் ஓர் ஆண் இதற்குள் கேட்டிருப்பான். ஆகையால் இந்தப் பெண்பிள்ளையின் கேள்வி வீண்." சற்று நிறுத்தினார். "ஆனால் மூக்கன் சொன்ன பதிலில் ஓர் ஆழம் இருக்கிறது."

"ஆமாங்க," என்றார்கள் மூவரும்.

நேரமாகிவிட்டதால், ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம் என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம். கொப்பியைச் சுகிர்தத்தின் கையாலேயே கோயில் அலுமாரியில் வைக்கச் சொல்லி, கஸ்பர் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டார்.

இரண்டு வாரம். நாலு வாரம். ஆறு வாரம். சுகிர்தம் விரல்விட்டு எண்ணினாள். கொழுந்து கிள்ளும்போதும் எண்ணினாள். கஸ்பர் நிரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது அவளுக்கு விரல் மரத்துப்போகும். இரண்டு நிரை தள்ளிப் பேச்சியம்மா தலை நிமிராமல் கிள்ளுவாள்.

ஆனால் அவளிடம் ஒரு வழி இருந்தது. கொப்பியை ஒருவரும் வாசிக்க முடியாது. நான்காம் பக்கம் வரும்போது மூக்கனின் காதில் வேறு எதையாவது சொல்லிவிடலாம். வேதாகமத்தில் வரும் மார்த்தாள் சமையலறையில் தனியாகக் கஷ்டப்பட்ட கதையை எடுத்து, வரி வரியாக மனப்பாடம் பண்ணினாள். அதன்பின் இரண்டு இரவு தூங்கினாள்.

இரண்டாம் கூட்டத்துக்குப் போனபோது பாயில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்கிறாளா என்று யார் கண்டது?" என்றார் இக்னேசியஸ். "ஸ்திரீ எழுதியதை ஸ்திரீ வாசிக்கத் தடையில்லை. ஆகவே பைபிள் அம்மா கூடவே வாசித்துக்கொண்டு வருவார். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். பேச மாட்டார்."

பெற்றீசியா அம்மாவை எல்லோரும் பைபிள் அம்மா என்றுதான் சொல்வார்கள். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து லயம் லயமாகப் போய்ப் பெண்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் கைப்பை, நீளக் குடை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் வாசலில் கோலம் போட்ட ஒரு கிறிஸ்தவப் பெண்ணைப் பற்றி சபைக் குருவான ஐயருக்கே கடிதம் எழுதியவர் என்று பேச்சு.

சுகிர்தம் மார்த்தாளை மறந்தாள்.

அவள் கொப்பியைப் பிடிக்க, பைபிள் அம்மாவின் விரல் ஒவ்வொரு வரியாக ஊர்ந்தது. சுகிர்தம் மூக்கனின் காதில் சொன்னாள்.

"லோத்தோட சம்சாரம் ஊரு ஆசையில திரும்பிப் பாக்கலைங்க," என்றான் மூக்கன். இப்போது அவனுக்குக் கூச்சம் போயிருந்தது. "அவசரமா கெளம்புனதுல கட்டிப் போட்ட கோழிய அவுத்து விட்டமான்னு சந்தேகம் வந்திருக்கும்ங்க. லோத்துக்கு என்னங்க, அவரு கைய வீசிக்கிட்டு நடந்தாரு."

பைபிள் அம்மா தலையை ஆட்டினார். இக்னேசியஸ் வேகமாக எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "நம் நண்பர் மூக்கன் ஆராய்ந்து கண்டபடி" என்று கோழியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பின்னால் பாயில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். தான் சொன்ன கோழி பீடம் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட காளியாயி, "அந்த மனுசனுக்குக் கோழி எங்க அடையுதுன்னே தெரியாதேடி!" என்றாள்.

மூன்றாம் கூட்டத்தில் மூக்கனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சுகிர்தம் நாற்காலி உயரத்துக்கு எக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

"காய்ச்சல் விட்ட ஒடனே அந்த மாமி எந்திரிச்சு சோறு போட்டாளாம்ங்க. நம்ம மருந்துக்காரய்யாவும் அப்படித்தாங்க, மாத்திரையக் கையில குடுத்துக்கிட்டே மலைக்குப் போன்னு சொல்லுவாரு. பேதுரு வீட்டுல அன்னிக்கு வேற ஆளு இல்லீங்களா? அவரே ரெண்டு தட்டக் கழுவியிருந்தா சாமி குடுத்த பரலோகச் சாவி கையில இருந்து வழுக்கியா விழுந்திருக்கும்?"

பைபிள் அம்மாவுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். இருமல் அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். சுகிர்தம் கோபம் என்று நினைத்து இன்னும் பயந்தாள்.

கஸ்பர் எழுந்து நின்றே பேசினார். "சபைக்கு ஒரு வியாக்கியானக்காரன் கெடச்சிட்டான். மூக்கா, நீ ஞானஸ்நானம் எடு. நுவரெலியாவுக்கு அனுப்பி உபதேசியார் படிப்புப் படிக்க வைக்கிறோம்."

"அப்ப புல்லு யாருங்க வெட்டுறது?"

"ஒம் பொஞ்சாதி வெட்டட்டும்."

"ஆமாங்க," என்றார்கள் மூவரும். அறிக்கையில் ஏறியது.

"இந்தப் புள்ளைதாங்க எல்லாம் சொல்லுது," என்றான் மூக்கன், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அவ சும்மா எழுதுனா. சொன்னது நீ," என்றார் கஸ்பர். "அடுத்த கூட்டத்துக்குச் சபை பூரா வரட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

அடுத்த பக்கம் தாமார்.

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று சுகிர்தத்துக்குத் தெரியாது. உபதேசியாரிடம் போய், போதும் ஐயா, கொப்பியை எரித்துவிடுங்கள் என்றாள். எரிப்பதானால் எதை எரிக்கிறோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும், அதற்கு முதலில் கேட்டாக வேண்டும் என்றார் அவர். பைபிள் அம்மாவைப் பார்த்துக் காலில் விழலாம் என்றால், அவர் கொட்டகலைப் பக்கம் போய்விட்டார். பேச்சியம்மா துணிமணிகளை ஒரு சாக்கில் கட்டி வைத்தாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, மழைக்கு நனையாமல் இருக்க என்றாள்.

நான்காம் கூட்டத்தன்று மழை. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் இக்னேசியஸ் கத்திக் கத்தி ஜெபித்தார். ஆண்கள் வாங்குப் பலகையில், பெண்கள் பாயில், கோயில் நிறைந்திருந்தது. வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் காளியாயியும் பேச்சியம்மாவும் நின்றார்கள். போன கூட்டத்து அறிக்கை வாசிக்கப்பட்டது. தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. எந்த ஆணின் கண்ணும், எந்த ஆணின் கையும். தலைவர் ஐயா முன்மொழிந்தது. கஸ்பர் கறுப்புக் கோட்டில் கை வைத்துத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அலுமாரி திறந்தது. பைபிள் அம்மா குடையை வாங்கின் ஓரத்தில் சாத்திவிட்டு, கொப்பியை எடுத்து வந்து பாயில் உட்கார்ந்து, நான்காம் பக்கத்தைத் திறந்தார்.

விரல் ஊர்ந்தது. தாமார். நோயாளி மாதிரிப் படுத்தவன். மூடிய கதவு. பேசாமல் இரு. விரல் அடுத்த பத்திக்கு இறங்கியது. கொழுந்து மடுவம் என்ற இடத்தில் நின்றது. பேச்சியம்மா என்ற பேரில் நின்றது. அதற்கடுத்த பேரில் வெகுநேரம் நின்றது.

மூக்கன் நாற்காலியில் காதைச் சாய்த்துக் காத்திருந்தான். சுகிர்தத்துக்கு மார்த்தாளும் வரவில்லை, யாரும் வரவில்லை.

"என்ன பைபிள் அம்மா, தொடங்கலாமா?" என்றார் கஸ்பர்.

பைபிள் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தலையை ஆட்டவில்லை. கஸ்பரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கஸ்பர் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அவர் கை கோட்டுப் பொத்தானைத் தேடியது, பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. அந்தக் கோயிலில் பயந்துபோயிருந்தது இப்போது சுகிர்தம் மட்டுமல்ல.

பைபிள் அம்மா கொப்பியை மூடினார். கைப்பையைத் திறந்து, இடம் போதாமல் கைக்குட்டையையும் ஒரு பெப்பர்மின்ட் பொட்டலத்தையும் வெளியே எடுத்துப் பாயில் வைத்துவிட்டு, கொப்பியை உள்ளே வைத்தார். பூட்டு 'டக்'கென்று விழுந்தது. எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

"ஏய், கொப்பி! புடிங்க! வாங்குங்க அத!" கஸ்பரின் குரல் கீச்சிட்டது.

"ஐயா, ஆண் கை..." என்றார் இக்னேசியஸ். "தீர்மானம் ஐயாவுடையது."

"அப்ப என்னன்னு கேளுங்கய்யா அந்தம்மாகிட்ட!"

"கேட்கலாம். ஆனால் அவர் பதில் சொல்லக் கூடாதே."

மூவரும் இம்முறை ஆமாங்க சொல்லவில்லை. வாங்கில் இருந்த ஆண்கள் கஸ்பரைப் பார்த்தார்கள். பாயில் இருந்த பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். பைபிள் அம்மா போய்விட்டிருந்தார்.

பிறகு அவர் திரும்பி வந்தார்.

சேலை முந்தானை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. கைப்பை கக்கத்தில் இறுக்கமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நடு வழியே நடந்து வந்தார். கஸ்பர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பைபிள் அம்மா வாங்கின் ஓரத்தில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். பாயில் கிடந்த பெப்பர்மின்ட் பொட்டலத்தைச் சுகிர்தத்தின் மடியில் வைத்தார். வாசலில் போய்க் குடையை விரித்து, தாழ்வாரத்தில் நின்ற பேச்சியம்மாவைக் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து, அவளையும் குடைக்குள் சேர்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார்.